அப்பாவின் மொறிஸ் மைனரைத் திருத்தி எடுக்கலாமா?

கேள்வி: என் தந்தையார் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். 1957 இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்ட காலத்தில், ஊர் திரும்பிய ஓர் ஆங்கில அதிகாரியிடமிருந்து 1955 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். பிள்ளைகள் நாங்கள் ஐவரும் அதில்தான் பள்ளிக்கூடம் போனோம். 1990 இல் இடம்பெயர்ந்தபோது அதை உப்புவெளி வீட்டுக் கொட்டிலில் விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது அப்படியே நின்றது. 2004 சுனாமியில் இருக்கை மட்டம் வரை கடல்நீர் ஏறியது. வடிந்த பின் கிணற்றுத் தண்ணீரால் கழுவி, தறப்பாளால் மூடி வைத்தோம். இப்போது கதவைத் திறந்தால் அடித்தகடு உதிர்கிறது. ஒரு கராஜில் 6 இலட்சம் ரூபாவுக்குப் புதிதுபோல் ஆக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இன்னொரு கராஜில் 15 இலட்சத்துக்குக் குறையாது, அதையும் கழற்றிப் பார்த்த பிறகே உறுதியாகச் சொல்லலாம் என்கிறார்கள். பிரான்சில் இருக்கும் தம்பி பணம் தரத் தயார். பழைய வாகனத்துக்கு இப்போது நல்ல விலை, போட்ட காசு திரும்பி வரும் என்பது அவர் எண்ணம். மனைவி பழைய இரும்புக்குக் கொடுக்கச் சொல்கிறார். படங்கள் இணைத்துள்ளேன். செலவழிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், உப்புவெளி

பதில்: ஐயா, தங்கள் தம்பி சொல்லும் காரணத்துக்காக இந்த வாகனத்தில் பணம் போடுவதானால், போட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அடித்தகடு உதிரும் நிலைக்கு வந்துவிட்ட ஒரு மொறிஸ் மைனரை ஒழுங்காகத் திருத்தி முடிக்க ஆகும் செலவு, அதே வகையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாகனத்தை வாங்கும் விலையைத் தாண்டிவிடுவதுதான் வழக்கம். அது பிறந்த இங்கிலாந்திலும் இதே கதைதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இங்கே பழைய வாகனங்களின் விலை ஏறியது உண்மையே. ஆனால் 2025 இன் தொடக்கத்தில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டுவிட்டபடியால், அந்த ஏற்றத்தை நிரந்தரமானது என்று எண்ணிக் கணக்குப் போடுவது சரியன்று. தம்பி பார்த்திருக்கக்கூடியவை விளம்பரத்தில் கேட்கப்படும் விலைகள். மாதக் கணக்கில் அதே விளம்பரம் அதே விலையோடு நிற்பதையும் அவர் கவனித்தால் நல்லது.

தந்தையாரின் வாகனம் மறுபடியும் வீதியில் ஓட வேண்டும், அதற்காகத் திரும்பி வராத ஒரு தொகையைச் செலவழிக்கக் குடும்பத்துக்கு விருப்பமும் வசதியும் உண்டு என்றால், அதைத் தவறென்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த முடிவுக்கும் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது. வாகனத்தில் எவ்வளவு கறள் இருக்கிறது என்பதைவிட, எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். 6 இலட்சம் கேட்டவர் அதைப் பார்க்காமலே விலை சொல்லியிருக்கிறார். 15 இலட்சம் கேட்டவர் பார்க்க வேண்டும் என்கிறார். இருவரில் யாரை நம்பலாம் என்பதற்கு எனக்கு இதுவே போதும்.

மொறிஸ் மைனரில் லொறிக்கோ ஜீப்புக்கோ இருப்பது போன்ற தனிச் செஸி (உடலைத் தாங்கும் அடிச்சட்டம்) கிடையாது. 1948 இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த நாள் முதல் 1971 இல் உற்பத்தி முடியும் வரை, செய்யப்பட்ட ஏறத்தாழ 16 இலட்சம் வாகனங்களில், சரக்கு வான், பிக்கப் வகைகள் தவிர்ந்த அனைத்தும் மெல்லிய தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக ஒட்டிய உடலைக் கொண்டவையே. அந்த உடலே அதன் எலும்பு. ஆகவே அதன் கறளை இரண்டு விதமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முன் மட்கார்ட்கள், பின் மட்கார்ட்கள், போனற், கதவுகள் ஆகியவை நட்டும் போல்ட்டும் போட்டுப் பூட்டியவை. எவ்வளவு கோரமாக உக்கியிருந்தாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு பூட்டலாம். வாங்க வருபவர் முதலில் பார்த்து முகம் சுளிப்பது இவற்றைத்தான். கராஜ்காரர் பட்டிப் பசை போட்டு மினுக்கிக் காட்டுவதும் இவற்றைத்தான். சுமையைத் தாங்கும் பாகங்களோ கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கின்றன. கதவுகளுக்கு அடியில் முன்னிருந்து பின்னுக்கு ஓடும் பெட்டிபோன்ற கதவடிச் சட்டங்கள், தரைத் தகடு, எஞ்சினைத் தாங்கும் இரண்டு முன் சட்டங்கள், முன் இருக்கைகளுக்கு நேர் கீழே குறுக்காகக் கிடக்கும் சட்டம், பின் ஸ்பிறிங் பட்டைகள் தொங்கும் தாங்கிகள் ஆகியனவே அவை. கூரையின் வளைமரம் உளுத்துப்போன வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்குச் சமம், இவற்றைத் தொடாமல் பெயின்ற் அடிப்பது.

இவற்றுள்ளும் அந்தக் குறுக்குச் சட்டத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மைனரின் முன்சில்லுகளுக்குச் சுருள் ஸ்பிறிங் இல்லை. இரு பக்கத்திலும் ஒவ்வொரு நீண்ட உருக்குத் தண்டு முறுக்கப்படுவதன் மூலம் முன்பக்கத்தின் பாரம் தாங்கப்படுகிறது. அந்த முறுக்குத் தண்டுகளின் பின் முனைகள் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளிலும் பூட்டப்பட்டுள்ளன. வாகனம் நின்றாலும் ஓடினாலும் அந்த இடத்தில் தகட்டின் மீது பெரும் விசை இருந்துகொண்டே இருக்கும். அங்கே உக்கினால் வாகனத்தின் முன்பக்கம் ஒரு புறமாகத் தாழும். ஓடும்போது பிய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இனித் தாங்கள் அனுப்பிய படங்களுக்கு வருகிறேன். மூன்றாவது படத்தில் வலப்பக்க முன் கதவுக்கும் நடுத்தூணுக்கும் இடையிலான இடைவெளி மேலே ஏறக்குறைய ஒட்டியும் கீழே விரல் நுழையும் அளவுக்கு அகன்றும் இருக்கிறது. பிணைச்சல் தேய்ந்து கதவு தொங்கினாலும் இடைவெளி கோணும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆயினும் மேலே நெருங்கிக் கீழே விரியும் இந்தக் கோணல், கதவடிச் சட்டம் பலமிழந்து உடல் நடுவில் தொய்யும்போது வருவதோடு பொருந்துகிறது. ஐந்தாவது படம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கதவடியில் பெயின்ற் உப்பி வெடித்த இடத்தில் விரல் தடிப்பில் சாம்பல் நிறப் பட்டி தெரிகிறது. அதற்குப் பின்னால், ஓட்டையை அடைக்க மடித்துத் திணித்த பத்திரிகைக் கடதாசி எட்டிப் பார்க்கிறது. 1990 இலிருந்து வாகனம் கொட்டிலில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இந்த வேலை அதற்கு முன்பே, தந்தையார் ஓட்டிய நாளிலேயே தகடு திருத்தும் டிங்கர் யாரோ ஒருவர் செய்தது. சுனாமி வருமுன்பே இந்தச் சட்டத்துக்குள் கறள் குடியேறிவிட்டது என்பதே அதன் பொருள்.

எனக்கு அதிகக் கவலை தருவது ஏழாவது படம். அடியில் கைத்தொலைபேசியை நீட்டி எடுத்திருக்கிறீர்கள் போலும். கோணம் சரியில்லை என்றாலும், வலப்பக்க முறுக்குத் தண்டின் முனைக்கு மேலே தகடு இதழ் இதழாகப் பிரிந்து நிற்பது தெரிகிறது. கறள், தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், இரண்டு தகடுகள் சேரும் ஒட்டுக்குள் அது பிடித்தால் ஒட்டையே பிளந்து விரித்துவிடும். இடப்பக்க முனை படத்தில் இல்லை. அதை நான் பார்க்க வேண்டும்.

கடல்நீர் ஏறிய வாகனத்தைச் சாதாரணக் கறள் வாகனத்தோடு சேர்த்து எண்ணக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குக் கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பன்மடங்காகிறது. அத்தோடு உப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது அது தானாகவே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்புவெளியில் இரவுக் காற்றின் ஈரம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆகவே மழையே படாத கொட்டிலுக்குள் நின்றாலும், சட்டங்களுக்குள் கடல்நீர் விட்டுச் சென்ற உப்பும் சேறும் இரவுதோறும் நனைந்துகொண்டே இருந்திருக்கும். தாங்கள் கிணற்றுத் தண்ணீரால் கழுவியது நல்லெண்ணத்தோடு செய்த காரியம். ஆனால் சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரக் கிணறுகள் தாமே உவர்ந்து போயிருந்தன. பெட்டிச் சட்டங்களின் உட்புறத்தை அந்தத் தண்ணீரும் எட்டியிருக்காது. தறப்பாளை இன்றே எடுத்துவிடுங்கள். மழைக்குக் கூரை போதும், தறப்பாள் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. பெயின்ற்றுக்கோ எஞ்சினுக்கோ ஒரு சதமும் கொடுக்குமுன், அடிப்பகுதியைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் கூலி பேசுங்கள். இருக்கைகள், தரை விரிப்பு, பற்றரி, பற்றரித் தட்டு, கதவடியில் உள்ள அலங்காரத் தகடு எல்லாம் கழற்றப்பட வேண்டும். அடியில் தந்தையார் காலத்தில் பூசிய தார் இருந்தால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். தாருக்கு அடியில் நல்ல தகடு இருக்கும் என்று நம்புவது வீண், அது பெரும்பாலும் ஈரத்தைத் தகட்டோடு சேர்த்துப் பூட்டி வைத்திருக்கும். பிறகு ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். உக்கிய தகடும் பட்டியும் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் இறங்கட்டும். அதற்காகத் தயங்குகிற கராஜ்காரர் தங்களுக்கு வேண்டாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி உடல் முழுவதும் ஓடவிட்டால், பட்டி தடிப்பாக உள்ள இடங்களில் அது பிடிக்காமல் வழுக்கும்.

அடுத்து, முன்பக்கத்தைக் கவனமாக ஜக்கால் உயர்த்தி, முன் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி மாறினால், அல்லது கதவு இறுகினால், உடல் வளைகிறது. இந்த வாகனத்தில் ஜக் வைக்கும் இடமே உக்கியிருக்கக்கூடும் என்பதால் சில்லுகளுக்குக் கட்டையும், அடியில் தடித்த மரக்குற்றிகளும் கொடுக்காமல் யாரும் கீழே படுக்கக் கூடாது. இதை ஒரு முறைக்கு இரு முறை சொல்கிறேன், ஏனென்றால் கராஜ்களில் இந்த ஒரு விடயத்தில் காட்டப்படும் அலட்சியம் எனக்குப் பழகவே இல்லை.

திறந்து பார்த்ததும் என்ன முடிவு எடுப்பது? கதவடிச் சட்டங்கள் இரண்டும், தரைத் தகடும், குறுக்குச் சட்டத்தின் ஒரு முனையும், பின் ஸ்பிறிங் தாங்கி ஒன்றும் போயிருந்தால் அது கடினமான வேலைதான், செய்ய முடியாத வேலையன்று. மைனர்களுக்கு உலகம் முழுவதும் இந்த வேலை வழக்கமாகச் செய்யப்படுகிறது. இந்தப் பாகங்கள் அனைத்தும் இன்றும் இங்கிலாந்தில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் குறுக்குச் சட்டத்தின் இரு முனைகளும், எஞ்சினைத் தாங்கும் முன் சட்டங்கள் இரண்டும், பின் தாங்கிகள் இரண்டும் சேர்ந்து போயிருந்தால், அளந்து நேர்பிடிக்கப் பழைய உடலில் நம்பகமான புள்ளி ஒன்றும் மிஞ்சாது. அப்போது தாங்கள் திருத்துவது தந்தையாரின் வாகனத்தை அல்ல. அதன் கூரைக்குக் கீழே புதியதொன்றைக் கட்டுகிறீர்கள். அந்த நிலையில் விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன்.

6 இலட்ச விலையில் என்ன கிடைக்கும் என்பதையும் ஊகிக்கலாம். உக்கிய கதவடிச் சட்டத்தின் மேல் புதிய தகடு ஒன்றைச் சாத்தி ஒட்டுவார்கள். உள்ளே கறள் அப்படியே இருக்கும். தரை ஓட்டைகளுக்குத் துண்டு துண்டாகத் தகடு வைப்பார்கள். அதன் மேல் தார், வெளியே பட்டி, அதன் மேல் பளபளப்பான பெயின்ற். வெளியே எடுக்கும் நாளில் ஊரே நின்று பார்க்கும். அடுத்த வாடை மழை முடிவதற்குள் கதவடியில் மறுபடி கொப்புளம் எழும். பணம் போனதோடு நிற்காது; சரியாகச் செய்ய வருபவர் முதலில் அந்தத் தகடுகளை வெட்டி எடுக்கும் கூலியையும் தாங்களே கொடுக்க வேண்டும்.

ஒழுங்கான வேலை எப்படி நடக்கும் என்பதை ஓரளவு தெரிந்துகொண்டால் கராஜ்காரரிடம் பேச உதவும். முதலில் முறுக்குத் தண்டுகளின் விசையைத் தளர்த்திக் கழற்ற வேண்டும். அதைச் செய்யாமல் குறுக்குச் சட்டத்தில் கை வைப்பது உயிராபத்து. பெற்றோல் தாங்கி பின்பெட்டியின் அடியில் இருக்கிறது; அது வெறுமையாக இருந்தாலும் வாகனத்தைவிட்டு வெளியே போன பிறகே ஒட்டுவேலை தொடங்க வேண்டும், ஆவி மட்டும் இருந்தாலும் வெடிக்கும். அடுத்து, கதவு வாய்களுக்குள் குறுக்குக் கம்பிகள் ஒட்டி உடலை நேரான நிலையில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிறகு ஒரு பக்கச் சட்டத்தை வெட்டி, நல்ல தகடு வரும் வரை சென்று, புதியதை ஒட்டி முடித்து, கதவைப் பூட்டிப் பார்த்த பிறகுதான் மறு பக்கம் தொடப்பட வேண்டும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்ட மைனர் நேராக நிற்காது. பின்னர் எந்தக் கதவும் ஒழுங்காகப் பூட்டாது.

தரைக்கும் கதவடிக்கும் 1.2 மில்லிமீற்றர் தகடு பொருத்தம். அவ்வளவு மெல்லிய தகட்டில் கூர் (உருகும் குச்சி) வைத்து ஒட்டும் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும்; பித்தளை உருக்கி ஒட்டுவது மட்கார்ட்டுக்குச் சரி, சுமை தாங்கும் சட்டத்துக்குச் சரியன்று. மெல்லிய கம்பியை வாயு மறைப்பில் உருக்கி ஒட்டும் மிக் வெல்டிங் இயந்திரமும் அதில் பழகிய கையும் உள்ள கராஜ் வேண்டும். கறளைப் போக்க மணல் பீய்ச்சுவதாகச் சொன்னால், எந்த மணல் என்று கேளுங்கள். கடற்கரை மணலில் உப்பு இருக்கிறது. தவிரவும் சிலிக்கா மணலின் தூசு, பீய்ச்சுபவரின் நுரையீரலை மீளமுடியாமல் கெடுக்கும். கறள் போக்கிய இடத்தை உவரில்லாத நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, அன்றைக்கே எப்பொக்சி முதற்பூச்சுக் கொடுக்க வேண்டும். இந்த ஊரில் வெறும் இரும்பை ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். குழிகளுக்குள் உப்பு மிஞ்சியிருக்க அதன் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ற் அடித்தாலும் அது அடியிலிருந்தே உரியும்.

காலத்தையும் பாருங்கள். ஒட்டுவேலையும் முதற்பூச்சும் மழை ஓய்ந்த மாசிக்குப் பிறகு தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிய வேண்டும். மேற்பூச்சுக்கு, தூசியைக் கிளப்பும் வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்கள் ஏற்றவையல்ல. மூடிய அறை இல்லாத கராஜில் அந்தத் தூசி முழுவதும் பெயின்ற்றில் ஒட்டும்.

கூலி விடயத்தில் ஒரே தொகைக்கு ஒப்பந்தம் பேசாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத வேலைக்கு ஒரே தொகை சொல்பவர், ஒன்றில் மிகையாகச் சொல்லியிருப்பார், அல்லது அந்தத் தொகை கட்டுப்படியாகாத இடத்தில் வேலையை மறைப்பார். கட்டம் கட்டமாகப் பேசி, ஒவ்வொரு கட்டமும் முடிந்து தாங்கள் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எந்தப் பெட்டிச் சட்டத்தையும் மூடி ஒட்டுவதற்கு முன் அதன் உட்புறத்தைத் தாங்களே நேரில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பதை முதல் நாளிலேயே எழுதிக் கொள்ளுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபிக்க மாட்டார். தன் வேலை தெரியும்படி படமாவதை அவரே விரும்புவார். தம்பியிடம் காசாக வாங்குவதைவிட, வளைவுள்ள பாகங்களை இங்கிலாந்திலிருந்து வாங்கித் தரச் சொல்வது பயனுள்ளது. சுங்க வரியையும் அனுப்புகூலியையும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளட்டும். நேரான பாகங்களை இங்கேயே மடித்து எடுக்கலாம். 1990களில் இலங்கையில் அடிக்கப்பட்ட மைனர் பாகங்கள் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொறிஸ் மைனர் நிலையத்துக்கு ஏற்றுமதியாகின என்பதை இந்த இடத்தில் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாம். நம் கைகளுக்கு இந்த வேலை தெரியாததன்று.

எஞ்சினைப் பற்றி அதிகம் எழுதவில்லை, ஏனென்றால் செலவின் பெரும்பகுதி அங்கே இல்லை. தங்களுடையது 803 சீசீ. கடல்நீர் புகுந்து இத்தனை காலம் நின்றதால் இறுகியிருக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த 948 அல்லது 1098 சீசீ எஞ்சினைப் போடுவது பரவலாகச் செய்யப்படுவதுதான்; போட்டால் புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். பிறேக் பாகங்கள் ஒன்றுவிடாமல் புதிதாக வேண்டும். மைனரில் பிறேக்கின் தலைமை உருளை (மிதியின் அழுத்தத்தைப் பிறேக் எண்ணெய்க்குக் கொடுக்கும் பாகம்) ஓட்டுநரின் காலடியில் சட்டத்துக்குள் மறைந்திருப்பதால், அந்தப் பக்கத்தை ஒட்டும்போதே அதையும் கழற்றிப் பார்க்கலாம். மின்கம்பிகளையும் முழுமையாக மாற்றுங்கள், உப்பு குடித்த கம்பியில் சிக்கனம் பார்ப்பது தீயில்தான் முடியும்.

இன்னொரு வழி இருக்கிறது. என்னைக் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். கண்டி, குருநாகல் போன்ற உள்நாட்டு ஊர்களில் இருந்து வந்த, கடலைக் காணாத மைனர் ஒன்றை வாங்குங்கள். மழை அங்கும் உண்டு, உப்பு இல்லை. வாங்குமுன் மேலே சொன்ன தட்டிப் பார்க்கும் பரிசோதனையை அதற்கும் செய்யுங்கள். தந்தையாரின் வாகனத்திலிருந்து திருப்பு வளையம் (ஸ்டியறிங்), மீற்றர் பெட்டி, கதவுக் கைப்பிடிகள், கண்ணாடிகள் போன்ற நல்ல பாகங்களைக் கழற்றி அதற்குப் பூட்டிக் கொள்ளலாம். தங்களுடையது இரண்டாகப் பிளந்த முன்கண்ணாடி கொண்ட பழைய வகை. 1956 இல் வந்த ‘மைனர் 1000’ இலிருந்து ஒரே வளைந்த கண்ணாடி என்பதால், அந்த வகையை வாங்கினால் எல்லாம் பொருந்தாது. போனற்றின் நடுவே ஓடும் தட்டையான பட்டை இரண்டிலும் உண்டு: முதல் மாதிரியை நடுவால் வெட்டி நான்கு அங்குலம் அகட்டியபோது வந்த தழும்பு அது.

ஆனால் ஒன்றைச் செய்யாதீர்கள். தந்தையாரின் வாகனத்துக்கு ஸ்ரீ எழுத்து வருவதற்கு முந்தைய இலக்கத் தகடு இருப்பது படத்தில் தெரிகிறது. அந்த இலக்கத்தின் மீது ஆசைப்பட்டு, எஞ்சின் அறையின் பின்சுவரிலுள்ள செஸி இலக்கத் தகட்டைப் பெயர்த்து, வாங்கிய வாகனத்தில் பூட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். அது மோசடி, பிடிபட்டால் இரண்டு வாகனங்களும் போகும். வாகனத்தை விற்பதாக இருந்தாலும் திருத்துவதாக இருந்தாலும், பதிவுப் புத்தகம் இன்னும் தந்தையாரின் பெயரில் இருந்தால், அதை வாரிசுகளின் பெயருக்கு மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். ஐந்து பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அனைவரின் சம்மதமும் வேண்டியிருக்கும். புத்தகம் இடப்பெயர்விலோ சுனாமியிலோ தொலைந்திருந்தால் திணைக்களத்தின் பதிவேட்டிலிருந்து விபரம் எடுக்கலாம். நின்றுபோன வருடங்களின் வருமான அனுமதிப்பத்திர நிலுவை எப்படிக் கணக்கிடப்படும் என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டு, அந்தத் தொகையையும் செலவோடு சேர்த்துக் கொள்ளுங்கள். பெயர் மாற்றம் முடியாமல் இலட்சக் கணக்கில் போட்ட பிறகு குடும்பத்துக்குள் வழக்கு வந்த வாகனங்களுக்கு மதிப்பீடு எழுதியிருக்கிறேன். அந்த அறிக்கைகளால் யாருக்கும் மகிழ்ச்சி வந்ததில்லை.

மனைவியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. இப்படியே இன்னும் சில மழைக்காலம் நின்றால் அது பழைய இரும்பாகவே ஆகிவிடும். ஆனால் இன்றைய நிலையில் நிறைக்கு விற்றுவிடாதீர்கள். முறுக்குத் தண்டுகள், கியர்பொக்ஸ், பின் அச்சு, கண்ணாடிகள், பிளந்த முன்கண்ணாடியின் சட்டம் ஆகியவற்றைத் தேடும் மைனர்க்காரர்கள் இலங்கை முழுவதும் இருக்கிறார்கள். இரும்புக்காரர் தரும் விலையைவிடப் பாகங்களாக விற்றால் வருவது நிச்சயம் கூடுதல்.

திருத்தி எடுப்பது என்று முடிவானால், திருத்திய பின் அதை எங்கே நிறுத்துவீர்கள் என்பதும் செலவுக் கணக்கின் ஒரு பகுதி. காற்றில் வரும் உப்பு கரையில் மிக அதிகம். உள்ளே போகப் போக விரைவாகக் குறையும். பாலையூற்று, கன்னியாப் பக்கம் உறவினர் வீட்டில் காற்றோட்டமான கொட்டில் கிடைத்தால் உப்புவெளிக் கொட்டிலைவிட அது பல வருட ஆயுளைக் கூட்டும். பெட்டிச் சட்டங்களுக்குள் திரவ மெழுகு பீய்ச்சி, கதவடிகளின் நீர் வடியும் ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று வருடம் ஒரு முறை, மழைக்கு முன் பார்க்க வேண்டும். நிலாவெளிக் கடற்கரைக்குப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றால், திரும்பியதும் அடிப்பகுதியைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள்.

அடுத்த படியாக, வலது இடது இரு பக்கங்களிலும் குறுக்குச் சட்டத்தின் முனைகளைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் துடைத்து, பகல் வெளிச்சத்தில் நெருக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள்; முன் சட்டங்களையும் அவ்வாறே. இடப்பக்க முனை நல்லதாக இருந்தால், 15 இலட்சம் கேட்ட கராஜில் திறந்து பார்க்கும் வேலைக்கு மட்டும் ஒரு விலை பேசி, அதை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை எந்தக் கராஜுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.